பிள்ளைகளுக்கு இயேசுவின் பாடுகளைச் சொல்லும்போது

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளிலும் பெரியவர்களோடு பிள்ளைகளும் முழந்தாளிடுகின்றனர். அங்கே அவர்கள் என்ன விளங்கிக்கொள்கிறார்கள் என்று நாம் கேட்பது குறைவு. "நீ குழப்படி செய்தால் இயேசுவுக்கு இன்னுமொரு முள் குத்தும்" என்று தாய்மார் சிலர் சொல்வதுண்டு. பயத்தினால் பிள்ளை அடங்கும், இயேசுவிடம் நெருங்காது.

இயேசு குற்றமற்றவர் என்பதையே முதலில் சொல்லவேண்டும். இவரிடம் குற்றம் காணவில்லை என்று பிலாத்து மூன்று முறை சொன்னதாக லூக்கா எழுதுகிறார். அப்படியிருந்தும் மரணத்துக்குக் கையளித்தான். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டும், 2008, 2009இல் வன்னிக் கிராமங்களை விட்டும் வெளியேறியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் "நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்ற பெருமூச்சைக் கேட்டே வளர்கிறார்கள். பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்டு இது யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோது, அவன்மேலோ பெற்றோர்மேலோ பழிபோட இயேசு இணங்கவில்லை. இந்தக் கதையை வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அவர் மனமுவந்து பாடுபட்டார் என்பதை விளக்குவதுதான் கடினம். கெத்சமனித் தோட்டத்தில் துன்பம் நீங்கவேண்டும் என்றே அவர் செபித்தார். வலியை அவர் விரும்பவில்லை. ஆனால், தப்பிப்போக வழியிருந்தும் போகவில்லை.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதை இப்படிச் சொல்லலாம். இடம்பெயர்ந்தபோது அறுவடை நெல்லை வீட்டோடு விட்டுவந்தோம், அது பறிபோனது. முகாமிலே நிவாரண அரிசியில் ஒரு சுண்டை அடுத்த கொட்டிலுக்குக் கொடுத்தோம். அது நாமே கொடுத்தது. இரண்டிலும் நம் பானைதான் குறைந்தது. பறிபோனதற்கு நீதி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கல்வாரியில் இரண்டும் சேர்ந்தே நடந்தன: பிலாத்து செய்தது அநீதி, இயேசு தந்தது தம் உயிர். இதைப் பத்து வயதுப் பிள்ளை நன்றாகவே பிரித்தறியும்.

எனவே, பிள்ளையை யாராவது அடித்தாலோ தகாத முறையில் தொட்டாலோ, இயேசுவைப்போல் பொறுத்திரு என்று ஒருபோதும் சொல்லவேண்டாம். தம்மைக் கன்னத்தில் அறைந்த காவலனிடம் ஏன் அடிக்கிறாய் என்று இயேசுவே கேட்டார். (யோவான் 18ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள்.) சின்னஞ்சிறுசுகளிடம் ஆணியையும் இரத்தத்தையும் விவரித்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை.

ஐந்தாம் நிலையில் மட்டும் சற்றுக் கூடுதலாக நில்லுங்கள். சிரேன் ஊர்ச் சீமோன் வயல்வெளிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தவர். படைவீரர் பிடித்துச் சிலுவையைச் சுமத்தினார்கள். சம்மதமா என்று எவரும் கேட்கவில்லை. அலக்சாந்தர், ரூபு என்னும் இருவரின் தகப்பன் அவர் என்று மாற்கு குறிப்பிடுகிறார். அன்றிரவு அந்தத் தகப்பன் தன் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பார் என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். விடையை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.