குழாய் ஜலமும் கண்ணாடித் தொட்டி மீனும்

கடையில் துள்ளி விளையாடிய மீன், வீட்டுக்கு வந்த மறுநாளே மல்லாந்து மிதப்பானேன்? மீன் வளர்க்க ஆசைப்படும் குழந்தைகள் பெற்றோரைக் கேட்கும் கேள்வி இது. "அதன் ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிச் சமாளிப்பது வழக்கம். அது நியாயமான பதில் அன்று. பெரும்பாலும் குற்றம் மீனின் ஆயுளில் இல்லை; நாம் வார்த்த ஜலத்தில் இருக்கிறது.

நோய்க் கிருமிகளைக் கொல்வதற்காகக் குழாய் ஜலத்தில் குளோரின் கலக்கிறார்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. மனிதனுக்கு அது காவல், மீனுக்கோ விஷம். நாம் குடிக்கும் ஜலம் வயிற்றுக்குப் போகிறது. மீனோ அதே ஜலத்தைச் செவுள்களின் வழியே இடைவிடாமல் செலுத்திச் சுவாசிக்கிறது. செவுளின் மெல்லிய சவ்வு புண்ணாகிவிட்டால், ஜலத்தில் பிராணவாயு நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறி மாளும்.

பரிகாரம் சுலபமானது. அகன்ற பாத்திரத்தில் ஜலத்தைப் பிடித்து, ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். வெயிலும் காற்றுக் குமிழிகளும் அதைத் துரிதப்படுத்தும். அவசரமானால், புகைப்படக்காரர்கள் இருட்டறையில் உபயோகித்து வந்த ஹைப்போ, அதாவது ஸோடியம் தயோஸல்பேட், கை கொடுக்கும். அதில் 10 கிராமை 1 லிட்டர் ஜலத்தில் கரைத்து வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 10 லிட்டர் ஜலத்துக்கு இக்கரைசலில் 7 மில்லிலிட்டர் போதும்.

தொட்டி ஜலம் முழுவதையும் ஒரே தடவையில் மாற்றலாகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. தொட்டியில் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குளோரின் அவற்றையும் அழித்துவிடும். ஆகவே, பதப்படுத்திய ஜலத்தால் வாரம் ஒரு முறை கால் பங்கு மட்டும் மாற்றுவதே உத்தமம்.

"கிணற்று ஜலத்தில் குளோரின் கிடையாதே, அதை வார்த்தால் என்ன?" என்று கேட்கும் நேயர்கள் உண்டு. வேறு ஊராயிருந்தால் சரி என்று சொல்லியிருப்போம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் அப்படிச் சொல்லத் தயங்குகிறோம். தோல் கெடாதிருக்கச் சாதாரண உப்பைத் தடவுகிறார்கள். பதனிடக் குரோமிய உப்பைச் சேர்க்கிறார்கள். ஒரு கிலோ தோல் பதமாக 35 லிட்டர் ஜலம் செலவாவதாகச் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பொன்று குறிக்கிறது. அக்கழிவு நெடுங்காலம் பாலாற்றிலும் வயலிலும் பாய்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போனதை அது எடுத்துக் காட்டிற்று. அசுத்தம் செய்தவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்றும் விதித்தது. 2025 ஜனவரியிலும் அக்கோர்ட்டு பாலாற்று நஷ்டஈடு பற்றி உத்தரவிட நேர்ந்தது.

இந்த உப்பு ஆவியாகிப் போகாது, ஹைப்போவுக்கும் மசியாது. காய்ச்சினால் ஜலம் குறையும்; உப்போ குறையாது. ஐயமுள்ள கிணற்று ஜலத்தைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிக் கரைந்த உப்பின் அளவையும் குரோமியத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரையில் கரைந்த உப்பு ஏற்றது. வேறு ஜலம் கிடைக்காதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது தர விதி. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது. மீன் தொட்டிக்குச் சுத்தமாகப் பிடித்த மழை ஜலத்தைக் குளோரின் நீக்கிய குழாய் ஜலத்தோடு கலந்து வார்ப்பது நலம்.

பாலாற்றங்கரையில் உள்ள ஆம்பூருக்கு இன்று மேட்டூர்ப் பக்கத்திலிருந்து காவேரி ஜலம் குழாயில் வருகிறது. தோல் தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, அது வாழவேண்டும். ஆனால் மீன் தொட்டிக்காக ஒரு குடம் ஜலத்தைப் பதப்படுத்தும் குழந்தைக்கு, நம் ஆற்று ஜலம் ஏன் நமக்கு உதவாமற் போயிற்று என்பதையும் பெற்றோர் சொல்லி வைக்கவேண்டும். தொட்டி ஜலத்தைக் காக்கும் பொறுப்பு குழந்தைக்கு. ஆற்று ஜலத்தைக் காக்கும் பொறுப்பு நமக்கு.