சொப்புச் சாமானைப் பத்தி பட்டாணி என்ன நினைக்குது?

போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருந்தப்போ, நாலு வயசு அக்கா பொண்ணுக்கு அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு செட் மரச் சொப்புச் சாமான் வந்திருந்தது. ஓலைப் பெட்டி நிறைய உரல், உலக்கை, அம்மி, அடுப்பு, குடம், பானை, ஒரு குட்டி வாளி. எல்லாம் கடைசல் பிடிச்சு செஞ்சது. அதாவது, முதல் வருஷ ஒர்க்‌ஷாப்புல நாம மல்லுக்கட்டின அதே லேத் வேலை. நமக்கு ஒரு ஸ்டெப் டர்னிங்கே ஒழுங்கா வரலை, அது வேற கதை.

பாப்பா கூடத்துல சமையலை ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் எங்க வீட்டுப் பூனை பட்டாணி வந்து சேர்ந்துச்சு. ஒவ்வொண்ணா மோந்து பார்த்தது. குடத்துல கன்னத்தைத் தேய்ச்சது. பானையைத் தட்டி உருட்டி விட்டது. கடைசியா, சாமான் எல்லாத்தையும் விட்டுட்டு காலி ஓலைப் பெட்டிக்குள்ள ஏறிப் படுத்துடுச்சு.

"சித்தி, அதுக்கு என் சமையல் புடிக்கலையா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்தான் நான் நிறைய படிச்சேன். சுருக்கமா சொன்னா, பொருள் ஒண்ணுதான், ஆனா பாப்பாகிட்ட இருக்கிற சென்சார் வேற, பட்டாணிகிட்ட இருக்கிறது வேற.

கண்ணும் மீசையும்

பூனையின் கண், தூரத்துல அசையற இரையைப் பிடிக்க வசதியான கண். சுமார் 25 சென்டிமீட்டருக்கு உள்ளே வந்த பொருள் அதுக்கு மங்கலாத்தான் தெரியும். அதனாலதான் மூக்குக்கு நேரே எதை நீட்டினாலும் மீசையை முன்னால கொண்டுவந்து தடவிப் பார்க்குது. நிறத்துலயும் சிவப்பையும் பச்சையையும் பிரிச்சறியறது அதுக்குக் கஷ்டம். பாப்பா பெருமையா காட்டின அரக்குச் சாயம் பட்டாணிக்கு ஒரு பொருட்டே இல்லை.

நாக்கு

பாப்பா ஒருநாள் பானையில நிஜ சர்க்கரையே போட்டு "பாயசம்" கொடுத்தாள். பட்டாணி திரும்பிக்கூட பார்க்கலை. காரணம் திமிர் இல்லை. இனிப்பை உணர ரெண்டு மரபணு சேர்ந்து வேலை செய்யணும். பூனைக் குடும்பத்துல அதுல ஒண்ணு செயலிழந்து போச்சுன்னு அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்து விஞ்ஞானிகள் 2005-இல் கண்டுபிடிச்சாங்க. சிங்கம் புலிக்கும் இதே கதிதான். இனிப்புங்கிற சேனலே அதுங்க டிவியில வராது.

காதும் கன்னமும்

நமக்குக் கேக்கறது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ். பூனைக்கு 60-ஐத் தாண்டியும் கேக்கும். எலிகள் தங்களுக்குள்ள போடற கீச்சுச் சத்தம் பலதும் அந்த ரேஞ்சுலதான். அதனால சின்னதா இருந்து, அசைஞ்சு, சத்தமும் போட்டா அது இரை. உருளற பானை அந்த மூணு கண்டிஷனுக்கும் பாஸ். நின்னுட்டா ஆர்வம் போயிடும், அதனால மறுபடி ஒரு தட்டு. கன்னத்தைத் தேய்ச்சது பாசம் மட்டுமில்லை. கன்னத்துல இருக்கிற சுரப்பியோட வாசனையைப் பூசி, "இது நம்ம வீட்டுச் சாமான்"னு முத்திரை குத்துற வேலை அது.

பெட்டி

2021-இல் வெளியான ஒரு ஆய்வுல, பூனை வளர்க்கிறவங்க வீட்டுத் தரையிலயே காகிதத் துண்டுகளை ஒட்டிப் பார்த்தாங்க. கோடே இல்லாம, நாலு மூலையை மட்டும் வச்சு சதுரம் மாதிரி கண்ணுக்குத் தோணுற கனிஸா உருவம் அதுல ஒண்ணு. பூனைகள் நிஜச் சதுரத்துல உட்கார்ந்த மாதிரியே அந்தப் பொய்ச் சதுரத்துலயும் உட்கார்ந்துச்சு. ஆனா சோதனையை முழுசா முடிச்சது 30 பூனை, அதுல எங்கயாவது உட்கார்ந்தது 9 மட்டும்தான். நம்ம ப்ராஜெக்ட் சர்வே மாதிரியே இருக்குல்ல? முடிவை அந்த அளவோட எடுத்துக்கலாம். எப்படியோ, நாலு பக்கமும் அடைப்பா இருந்தா பூனைக்குப் பத்திரமா இருக்குங்கிறது பெட்டி வாங்கின எல்லாருக்கும் தெரியும்.

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் படிச்சேன். அடுத்தது அப்படி இல்லை.

நூல்

வாளிக்குக் கிணறு வேணும்னு பாப்பா கேட்டாள். மெக்கானிக்கல் படிக்கிற சித்தி சும்மா இருப்பாளா? பாட்டியோட தையல் பெட்டியில இருந்து நூல்கண்டை எடுத்து, அதோட காலி உருளை ஒண்ணை ராட்டினமாக்கி, கட்டில் கால்ல கட்டி, வாளியை ஏத்தி இறக்கிக் காட்டினேன். ஆடுற நூலைப் பட்டாணி எம்பி எம்பிப் பிடிச்சது. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன். நிறைய பேர் சிரிச்சாங்க.

மறுநாள் காலையில வாளி தரையில கிடந்தது. நூலைக் காணோம். பட்டாணி சாப்பிடலை. சாயங்காலத்துக்குள்ள நாலு தடவை வாந்தி. டாக்டர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அடியில நூல் சுத்தியிருந்தது.

பூனை நாக்குல இருக்கிற முட்கள் எல்லாம் தொண்டைப் பக்கம் சாஞ்சவை. நம்ம நகம் எதனால ஆனதோ அதே கெரட்டின். இதை ஆராய்ஞ்சு 2018-இல் கட்டுரை வெளியிட்ட அலெக்ஸிஸ் நோயல், டேவிட் ஹூ ரெண்டு பேரும் ஜார்ஜியா டெக்கின் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள். நோயலோட பூனை போர்வையை நக்கி நாக்கு மாட்டிக்கிட்டதைப் பார்த்துதான் அந்த ஆய்வே தொடங்கிச்சு. ரோமத்தைச் சீவ அருமையான டிசைன். ஆனா நூல் மாட்டினா துப்ப முடியாது, உள்ளே மட்டும்தான் போகும்.

ஒரு முனை நாக்கடியில மாட்டிக்கும், மறுமுனை குடலுக்குள்ள இறங்கும். குடல் அதைத் தள்ளப் பார்க்கும். நூல் நகராது, குடல்தான் நூல் மேல ஏறிக்கும். பாவாடை நாடாவை இழுத்தா துணி சுருங்கி நிக்குமே, அந்த மாதிரி. இறுகின நூல் குடலையே அறுத்துடும்.

வீட்டுலயே நான் இழுத்து எடுக்கப் பார்த்திருந்தா அதுதான் நடந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். ஆபரேஷன் ஆச்சு. பட்டாணி பிழைச்சுக்கிச்சு.

உரல் கனமா இருக்கே, கால்ல விழுந்துடுமோ, சாயத்தை நக்கிடுமோன்னு எல்லாம் யோசிச்சேன். நூலைப் பத்தி யோசிக்கவே இல்லை. நான் பார்த்தது என் கண்ணால. பட்டாணிக்கு அந்த செட்டிலேயே ரொம்பப் புடிச்ச பொருள், கடையில வாங்காத அந்த ஒரு நூல்தான்.

ஹாஸ்டல் வராண்டா பூனைக்கு ஷூ லேஸ், நூல், ரப்பர் பேண்டு ஆட்டிக் காட்டறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: விளையாட்டு முடிஞ்சதும் எடுத்து உள்ளே வச்சிடுங்க. முழுங்கிட்டா, வாயிலோ பின்னாலோ நுனி தெரிஞ்சாக்கூட இழுக்காதீங்க, டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.

தையல் போட்ட வயித்தோட பட்டாணி திரும்பி வந்த அன்னிக்கு, பாப்பா ஓலைப் பெட்டியை முழுசா அதுக்கே கொடுத்துட்டாள். வாளியை அடுப்புப் பக்கத்துல வச்சுட்டு சொன்னாள்:

"கிணறு வேண்டாம் சித்தி. நம்ம வீட்டுல இனிமே குழாய்த் தண்ணிதான்."