கட்டத்துக்குள் ஒரு நாள்

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் பலரின் வீட்டில், பந்தய நாட்களுக்குக் குதிரைப் படம் போட்ட பெரிய காலண்டர் இன்னும் தொங்குகிறது. இரவு ஷிப்டு தொடங்கும் நாள், கேஸ் தோம்பு மாற்றிய தேதி, கோயில் திருவிழா எல்லாம் அதன் கட்டங்களில் பேனாவால் ஏறுகின்றன. கைபேசி இருக்க இது எதற்கு என்கிறார்கள் செயலி விற்பவர்கள். கையால் எழுதினால் மூளையே விழித்துக்கொள்ளும் என்கிறார்கள் டைரி விற்பவர்கள். இரு தரப்பையும் சற்றுத் தட்டிப் பார்க்கலாம்.

2021-இல் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு ஒன்று 48 பேரிடம் ஓர் உரையாடலைக் கொடுத்து, அதில் வரும் தேதிகளையும் வேலைகளையும் குறிக்கச் சொன்னது. காகித நாட்குறிப்பில் எழுதியவர்கள் சுமார் 11 நிமிடத்தில் முடித்தார்கள். டேப்லெட்டில் 14, கைபேசியில் 16. ஒரு மணி நேரம் கழித்து ஸ்கேன் கருவிக்குள் வைத்துக் கேள்வி கேட்டபோது, காகிதக்காரர்களின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி கூடுதலாக இயங்கியது. ஆனால் டேப்லெட்காரர்களும் பேனாவால்தான் எழுதினார்கள். கையெழுத்தின் மகிமை என்ற விளக்கம் அங்கேயே நொண்டுகிறது. மிச்சம் இருப்பது இடம்: காகிதத்தில் எழுதியது எழுதிய இடத்திலேயே நிற்கும். எலி அறையின் குறிப்பிட்ட ஓரிடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் நரம்பணுக்களை நரம்பியலாளர் ஜான் ஓகீஃப் 1971-இல் கண்டதும் (2014-இல் நோபல் பரிசு) இதே ஹிப்போகேம்பஸில்தான். என்ன நடந்தது என்பதை எங்கே என்பதோடு சேர்த்து முடிந்துவைக்கும் பகுதி அது. அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்குக் கை தானாகப் போவதில்லையா? திரையோ, திறக்கும்தோறும் கிண்ணங்கள் இடம் மாறும் அஞ்சறைப் பெட்டி: நேற்றுத் தாளித்த கடுகு மேலே வந்து நிற்கும், வெந்தயம் விரலால் தள்ளத் தள்ளக் கீழே போகும், நடுவில் பக்கத்து வீட்டுச் சாம்பார் கொதித்துவிட்டதாக மணியடிக்கும்.

  

டோக்கியோ ஆய்வில் நாட்குறிப்பு தயாரிக்கும் நிறுவனமும் பங்காளி என்பதை டைரி விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை. காகிதக்காரர்கள் விடையில் முந்தியதும் எளிய கேள்விகளில் மட்டுமே. மூளை கூடுதலாக இயங்குவதாலேயே நினைவு நன்றாக இருக்கிறது என்றும் ஆகிவிடாது. தவிர, காலண்டர் கூப்பிடாது. இரவு எட்டு மணி மாத்திரைக்கு வேண்டியது நினைவல்ல, மணியோசை; அதற்குக் கைபேசிதான். ஷிப்டு மாறியதாக வாட்ஸ்அப்பில் தகவல் வந்தால் கட்டத்தில் அடித்துத் திருத்த வேண்டும், அடுத்த மாற்றத்துக்கு அங்கே இடமிருக்காது. வாரத்துக்கு வாரம் மாறுவதைக் கைபேசியிலும், மாதம் முழுக்க ஒரே பார்வையில் தெரிய வேண்டியதைச் சுவரிலும் வைத்திருக்கும் வீடுகள், ஆய்வு எதையும் படிக்காமலேயே வேலையைச் சரியாகப் பிரித்திருக்கின்றன.