ரேகை விழாதது யார் குற்றம்?

"ரேகை விழல, கையைத் துடைச்சுட்டு மறுபடி வைங்க." ரேஷன் கடையிலும், கைரேகை வைத்துப் பணம் எடுத்துத் தரும் வங்கி முகவரிடமும் நாள்தோறும் கேட்கிற பேச்சு இது. சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறித்து, மிளகு உருவி, கவாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். ரேகையின் மேடுகள் உழைப்பில் தேயும், வயதில் தட்டையாகும், குளிரில் தோல் வறண்டால் கருவிக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனால் கருவி படிக்காத அந்த நேரத்தில் குறை சொல்லப்படுவது விரலைத்தான். நாகலூரிலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் ஏற்காடு ஒண்டிக்கடைக்கு பஸ் பிடித்து வருகிறவர், கருவி தன்னைப் படிக்கவில்லை என்று சொல்வதில்லை. என் கை சரியில்லை என்று தன்னையே நொந்துகொள்கிறார். பழி இப்படித் தவறான இடத்தில் விழுவதால்தான் உரிமையும் கை நழுவுகிறது. தவறு தன்னுடையது என்று நம்புகிறவர் புகார் கொடுக்கமாட்டார்.

பழியை எங்கே வைப்பது என்ற கேள்வியை ஓர் ஆய்வுத் துறை எண்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. மனிதரின் கவனம், நினைவு, தீர்மானம் ஆகியவற்றுக்கு ஏற்பக் கருவிகளை அமைப்பது பற்றிய அந்தத் துறைக்கு அறிதல்சார் பணிச்சூழலியல் என்று பெயர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகள் இறக்கை மடிப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். விமானி தவறு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவில் இருந்தன. சக்கர விசையில் சிறு ரப்பர் சக்கரமும் மடிப்பு விசையில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தச் சொன்னார். தொட்டாலே வேறுபாடு தெரிந்தது, அந்தத் தவறு நின்றது. 1947இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் விமானிகளின் தவறுகள் 460ஐத் தொகுத்து ஆராய்ந்தபோதும், பெரும்பகுதி கருவியின் அமைப்பிலிருந்தே பிறந்தது தெரிந்தது. பயிற்சியில் குறையில்லாத, உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவர்களே தடுமாறிய இடம் அது.

அதே ஒரே வடிவ விசை நம் கைபேசியில் பல ஆண்டுகள் இருந்தது. யுபிஐ-யில் பணம் அனுப்பும்படி ஒருவர் மற்றவருக்குக் கோரிக்கை அனுப்பும் வசதியைத்தான் சொல்கிறேன். பழைய பொருளை வாங்கிக்கொள்கிறேன் என்று பேசும் ஆள், 'முன்பணம் அனுப்பிவிட்டேன், ஏற்றுக்கொள்ளுங்கள்' என்பார். திரையில் ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு பொத்தான், அதன்பின் ரகசிய எண் கேட்கும் கட்டம். பணம் போவதற்கும் வருவதற்கும் நடுவிலிருந்த அடையாளம் ஒரு சிறு சொல் மட்டுமே, அதுவும் பலருக்கு ஆங்கிலத்தில். காதில் ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டே இருக்க, கண் அந்தச் சொல்லைத் தாண்டிவிடும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. இதை எல்லோரும் மனத்தில் இருத்த வேண்டும். ஆனால் குறுஞ்செய்தி விளம்பரங்களில் எத்தனையோ முறை சொல்லியும் ஏமாற்று ஓயவில்லை. கடைசியில் தேசியக் கொடுப்பனவுக் கழகம், தனிநபர்களுக்கு இடையிலான அந்தக் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொன்னது. எச்சரிக்கையால் முடியாததை ஒரு பொத்தானை எடுத்துவிட்டுச் செய்தார்கள். அதற்கு முன்பு பணம் இழந்தவர்களை 'கவனக்குறைவு' என்று சொல்லித் திருப்பி அனுப்பியது எவ்வளவு நியாயம்?

'ரகசிய எண்ணைப் போட்டது நீங்கள்தானே, வங்கி எப்படிப் பொறுப்பாகும்?' என்று கேட்பார்கள். இந்த மறுப்பில் பாதி உண்மை உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே ரகசிய விவரங்களைக் கொடுத்து இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போன பணத்தின் இழப்பு அவருடையதுதான். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆனால் மறுபாதியை யாரும் கவுண்டரில் சொல்வதில்லை. வங்கியின் குறையாலோ, இருவர் மீதும் தவறில்லாமல் வெளியாளின் ஊடுருவலாலோ அனுமதியின்றிப் பணம் போயிருந்தால், பின்னதில் 3 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா இழப்பும் கிடையாது. 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 5,000 ரூபாயும் மற்றச் சேமிப்புக் கணக்குகளுக்கு 10,000 ரூபாயும்தான் அவர் பொறுப்பு. அறிவித்த 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் தீர்த்துவைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கியின் தலையில் இருக்கிறது. கவனக்குறைவு என்று வாயால் சொன்னால் போதாது. நகல் ரேகையால் ஆதார் வழியாகப் பணம் எடுக்கப்பட்டால், எந்தச் செய்தியையும் தொடாத, எந்த எண்ணையும் சொல்லாத ஒருவரிடம் என்ன கவனக்குறைவைக் காட்டுவார்கள்?

ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவில் இன்னொரு சிக்கல், திரை முகவரைப் பார்த்து இருப்பது. விரல் வைப்பவருக்குக் கருவியின் முதுகுதான் தெரியும். 'விழல, இன்னொரு தடவை' என்று சொல்லும்போது முதல் முறை உண்மையிலேயே தோற்றதா, பணம் எடுபட்டதா என்று அவரால் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் தோல்விக்கும் ரசீது கேளுங்கள். அது கேட்கத் தகுந்த உரிமை. தேவையில்லாத நேரத்தில் ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், 1947 எண்ணில் உதவி கிடைக்கும். பணம் போனது தெரிந்த உடனே 1930க்கு அழைத்து, வங்கியிலும் எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணை வாங்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்புண்டு. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448. ரேஷனில் ரேகை விழாவிட்டால் அரிசி இல்லை என்று அனுப்பக் கூடாது. மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24 அன்றே, ரேகை பொருந்தாதவர்களுக்கும் தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருள் தர வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. மறுத்தால் 1967இல் சொல்லலாம்.

ஏமாற்றைத் தடுக்கத் திரையில் கூடுதல் தடைகள் வைத்தால் சுலபம் போய்விடும் என்பது இன்னொரு வாதம். டீக்கடையில் பத்து ரூபாய்க்கு யாரும் நான்கு கேள்வி கேட்கப் போவதில்லை. சிறு தொகைக்கு ரகசிய எண்ணே வேண்டாம் என்று யுபிஐ லைட்டில் ஏற்கெனவே விட்டிருக்கிறார்கள். எங்கே வேகம், எங்கே நிதானம் என்று பிரிக்க யுபிஐ-யை நடத்துபவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. இதன் மறுபுறமும் உண்டு. பணம் பிடுங்குவதற்காக வேண்டுமென்றே குழப்பும்படி அமைக்கும் திரைகள் இருக்கின்றன. ஏற்காட்டு விடுதிக்கு இணையத்தில் அறை பதியும்போது முதல் பக்கத்தில் ஒரு விலையும் கடைசிப் பக்கத்தில் வேறு விலையும் காட்டுவது, 'ஒரே ஓர் அறைதான் மீதி' என்று பொய்யாக விரட்டுவது, கேட்காத காப்பீட்டைக் கூடையில் சேர்ப்பது போன்றவற்றை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகையாகப் பிரித்துத் தடைசெய்தது. திரையைப் படம் பிடித்து வைத்து 1915இல் புகார் செய்யலாம்.

அரசும் வங்கிகளும் செய்யவேண்டியது பெரிய செலவுள்ள காரியமல்ல. கைரேகைக் கருவியில் வாடிக்கையாளர் பக்கமும் ஒரு சிறு திரை, எடுத்த தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் குரல், தோற்ற முயற்சிக்கும் தானாக அச்சாகும் ரசீது. கடைகளில் பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டிகள் ஏற்கெனவே தமிழில் பேசுகின்றன; வியாபாரிக்குக் கிடைத்த அந்த வசதி, விரலை நீட்டி நிற்கும் தோட்டத் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும்.