நாற்பதைத் தாண்டிய சகோதரிக்கு

சகோதரிகளே! மாதவிலக்கு முன்னும் பின்னும் தள்ளிப் போகிறதா? நள்ளிரவில் உடம்பு கொதித்து, வியர்வையில் பாய் நனைகிறதா? பயம் வேண்டாம். விலக்கு நிற்கப்போகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறி இறங்குவதே காரணம்.

இதற்கு ஹார்மோன் மருந்து உண்டு. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு மார்பகப் புற்று அச்சத்தைக் கிளப்பியதால் பலர் அதைக் கைவிட்டனர். ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயதோ 63! 60 வயதுக்குள், விலக்கு நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கும் நலமுள்ளவர்களுக்குப் பொதுவாக நன்மையே மிகுதி என்பது பின்னர் தெளிவாயிற்று.

கருப்பை உள்ளவர்கள் புரோஜெஸ்ட்டிரோனும் சேர்த்தே எடுக்க வேண்டும். இல்லையேல் கருப்பையில் புற்று வரலாம். மார்பகப் புற்று, இரத்தக்கட்டி, பக்கவாதம் கண்டவர்களுக்கு இது பொதுவாக ஆகாது. ஆகவே பக்கத்து வீட்டு மாத்திரையை விழுங்காதீர்கள். நிபோங் திபால் தோட்டமானாலும் ஜார்ஜ்டவுன் அடுக்குமாடியானாலும், முதலில் அரசாங்கக் கிளினிக்கில் வெட்கப்படாமல் கேளுங்கள்.