‘என்டர்’ தட்டினால் கவிதையா? சின்னமனூரில் பிறந்தவர் அன்றே தந்த பதில்!

தேனி மாவட்டம் ஓடைப்பட்டி என்றதும் விதையில்லா திராட்சைதான் நினைவுக்கு வரும். அங்கே அறுவடை முடிந்த கொடிகளைக் கவாத்து செய்வார்கள். வெட்டினால்தான் புதுத்தளிர் வரும், குலை பிடிக்கும். ஆனால், எந்தக் கிளையில் எத்தனை கணு விடுவது என்று பார்த்துப் பார்த்து வெட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் அந்த விளைச்சல் போச்சு!

இன்றைய கவிஞர்கள் மீது விழுவது பெரும்பாலும் கண்ணை மூடிய வெட்டுதான். ‘வசனத்தை உடைத்து என்டர் தட்டினால் கவிதையா?’ என்ற கேலியைச் செல்போனில் அடிக்கடி பார்க்கலாம். செல்போன்தான் புதுசு, கேலி பழசு. 1934-ல் ‘மணிக்கொடி’ இதழில் யாப்பை விட்டு விலகி எழுதத் தொடங்கிய ந.பிச்சமூர்த்தியின் வழியில் வந்தவர்களும், ‘இது கவிதையே இல்லை’ என்ற ஏச்சைக் கேட்டவர்கள்தான்.

அவர்களுக்குத் துணை நின்றவர், ஓடைப்பட்டிக்கு அருகிலுள்ள சின்னமனூரில் 1912-ல் பிறந்த சி.சு.செல்லப்பா. ஆம், ‘வாடிவாசல்’ எழுதியவரேதான். 1959-ல் அவர் தொடங்கிய ‘எழுத்து’ இதழ், விமர்சனத்துக்குப் பேர்போனது. அதே இதழில்தான் புதுக்கவிதைக்கும் இடம் கொடுத்தார். திருகோணமலையிலிருந்து எழுதிய இளைஞர் தருமு சிவராமுவை (பின்னாளில் பிரமிள்) தமிழகம் அறிந்ததும் அதில்தான். 1962-ல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். புத்தக மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார்.

செல்லப்பா யாரையும் சும்மா புகழ்பவர் அல்ல. ஒரு படைப்பை வரிவரியாக அலசிப் பார்ப்பது அவர் வழக்கம். கறாராக இருந்தார், ஆனால், படித்துவிட்டுக் கறாராக இருந்தார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இன்று சுமாரான கவிதைகள் நிறைய வருவது உண்மைதான். மரபுக்கவிதைக் காலத்திலும் சுமாரான வெண்பாக்கள் ஏராளமாக எழுதப்பட்டன. அவை மறந்துபோயின, நல்லவை நின்றன. புதுக்கவிதைக்கும் காலம் அதே சல்லடையைத்தான் வைத்திருக்கிறது. அதற்குள் மொத்தப் பேரையும் கேலி செய்து விரட்டினால், அவர்களில் நாளைய பிரமிள் ஒருவர் இருந்தால், அவரையும் சேர்த்தே இழப்போம்.

அடுத்தமுறை செல்போனில் ஒரு கவிதை பிடிக்காமல் போனால், இன்னொரு தடவை படியுங்கள். அப்போதும் பிடிக்கவில்லையா? எந்த வரி, ஏன் என்று சொல்லுங்கள். எழுதியவருக்கு அது உதவும். ‘இதெல்லாம் கவிதையா?’ என்பது யாருக்கும் உதவாது!