காமிரா எட்டு, ஞாபகம் மூன்று நாள்!

பெங்களூரில் முப்பது வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டிடம் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு ஊருக்குப் போன குடும்பம் பத்து நாள் கழித்துத் திரும்பி வருகிறது. பூட்டு உடைந்து கிடக்கிறது. பீரோ திறந்து கிடக்கிறது. செக்ரட்டரி ஓடி வருகிறார். "கவலை வேண்டாம், எட்டுக் காமிரா இருக்கிறது" என்று தைரியம் சொல்கிறார். பதிவுப் பெட்டியைப் போட்டுப் பார்த்தால், கடைசி மூன்று நாள் படம்தான் இருக்கிறது. அதற்கு முந்தியதெல்லாம் அழிந்து போயிற்று!

அடுத்து நடப்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வாட்ச்மேனைக் கூப்பிடுவார்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் பெண்ணை. தருமபுரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ பிழைக்க வந்தவருக்கு, "நான் அந்தப் பக்கமே போகவில்லை" என்று காட்ட இருந்த ஒரே சாட்சி அந்தப் படம். அது அழிந்துவிட்டது.

இது எந்திரத்தின் கோளாறு அல்ல. கணக்குப் போடாமல் வாங்கியதன் பலன்.

கணக்கு இதுதான்

இன்று சாதாரணமாகக் கட்டிடங்களில் மாட்டப்படும் இரண்டு மெகாபிக்சல் காமிரா ஒன்று, விநாடிக்கு நான்கு மெகாபிட் வீதம் படம் அனுப்புகிறது என்று கொண்டால், ஒரு நாளைக்கு 43 ஜிகாபைட் இடம் பிடிக்கும். எட்டுக் காமிராவுக்கு சுமார் 345 ஜிகாபைட். பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் ஒரு டெராபைட் என்றால், மூன்றாம் நாள் முடிவதற்குள் நிரம்பிவிடும். நிரம்பியதும் பெட்டி தானாகவே பழைய படத்தின் மேல் புதிய படத்தை எழுதத் தொடங்கும். முப்பது நாள் வேண்டுமானால் பத்து டெராபைட்டுக்கு மேல் தேவை. எச்.265 என்ற புது முறையில் படத்தைச் சுருக்கினால் ஏறத்தாழ அதில் பாதி போதும். ஆள் நடமாடும்போது மட்டும் பதியும்படி வைத்தால் இன்னும் குறையும்.

மக்கள் பெருமளவில் கூடும் இடங்களுக்காகக் கர்நாடகம் 2017-ல் செய்த பொதுப் பாதுகாப்புச் சட்டம், முப்பது நாள் படத்தை வைத்திருக்கச் சொல்கிறது. குடியிருப்புகளும் இதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் காண்ட்ராக்டரிடம் "எத்தனை காமிரா, என்ன விலை?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். "எத்தனை நாள்?" என்று கேட்பவர் அரிது.

முகம் தெரிய வேண்டாமா?

படம் இருந்தும் பயனில்லாமல் போவதும் உண்டு. முன்பின் அறியாத ஒருவரைப் படத்தைக் கொண்டு அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். இரண்டு மெகாபிக்சல் காமிராவின் படம் குறுக்கே 1,920 புள்ளிகள். ஆகவே ஏழரை மீட்டர் அகலத்துக்குள்தான் அது முகத்தைக் காட்டும். பலரும் வாங்குவது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். பத்து மீட்டர் தூரத்தில் அது சுமார் இருபது மீட்டர் அகலத்தைப் பார்க்கும். டி.வி.யில் பார்க்க வாசல், தெரு, எதிர்க்கடை எல்லாம் அழகாகத் தெரியும். ஆள் மட்டும் யாரென்று தெரியாது! ஒரு காமிரா அகலமாகப் பார்க்கட்டும். வாசலுக்கு நேரே குறுகலான லென்ஸில் இன்னொன்று இருக்கட்டும் என்பதுதான் தொழில் தெரிந்தவர்கள் செய்வது.

மிக உயரத்தில் மாட்டினால் தலை உச்சியே விழும். சூரியனைப் பார்த்த வாசலில் முகம் கறுத்துப்போகும். காமிராவின் முன் சிலந்தி கூடு கட்டினால், இரவில் அகச்சிவப்பு விளக்கில் அந்த வலை மட்டுமே பளிச்சென்று தெரியும். வாரம் ஒரு முறை துணியால் துடைக்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு எந்த காண்ட்ராக்டும் கிடையாது.

பெங்களூர் கண்ட பாடம்

19.11.2013 அன்று பெங்களூர் கார்ப்பரேஷன் சர்க்கிள் ஏ.டி.எம். ஒன்றில், ஒருவன் ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு, பணம் எடுக்க வந்த பெண்மணியை அரிவாளால் வெட்டினான். உள்ளே காமிரா இருந்தது, காவலாளி இல்லை. காமிரா ஓடி வந்து தடுக்குமா? அவன் முகத்தை நாடே பார்த்தது. இருந்தும் அவன் ஆந்திராவின் மதனப்பள்ளியில் சிக்கியது 2017-ல்தான். இத்தனை ஆண்டு கழித்தும் ஆளைப் பிடித்த பின் ஒப்பிட்டுப் பார்க்கப் படம் இருந்ததே, அதுதான் காமிராவால் ஆகக்கூடிய வேலை.

அந்த ஞாபகமும் இல்லாவிட்டால்? 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இருந்தபோது உயிரிழந்தார்கள். விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட், அங்கே காமிரா இருந்ததைக் கண்டார். ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய படம் தானாக அழியும்படி பெட்டி அமைக்கப்பட்டிருந்தது. ஜூன் 19-ந் தேதி இரவின் படம் இல்லை.

வேறொரு வழக்கில் 2.12.2020 அன்று சுப்ரீம் கோர்ட் ஓர் உத்தரவு போட்டது. எல்லா போலீஸ் நிலையங்களிலும் வாசல், லாக்கப், தாழ்வாரம், வரவேற்பறை, பின்பக்கம் என எங்கெங்கே காமிரா வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. கழிவறைக்கு வெளியேதான், உள்ளே கூடாது என்றும் சொல்கிறது. இரவிலும் தெரிய வேண்டும், குரலும் பதிய வேண்டும், படம் 18 மாதம் இருக்க வேண்டும். முடியாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது. ஒரு கட்டிடத்துக்குக் காமிரா திட்டம் போடுபவர்கள் படித்துப் பார்க்க வேண்டிய உத்தரவு இது.

இன்னும் ஒன்று. பெட்டியின் கடிகாரம் சரியாக இருக்கிறதா? இருபது நிமிடம் பிசகினால் குற்றமற்றவர் மாட்டிக்கொள்ளலாம். படத்தை நகலெடுத்துக் கோர்ட்டில் கொடுப்பதென்றால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி அத்தாட்சிப் பத்திரமும் வேண்டும்.

அசோசியேஷன் கூட்டத்துக்குப் போகும் அன்பர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இன்று இரவு ஒன்பது மணிக்கு யாராவது ஒருவர் வாசலில் நிற்கட்டும். தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தொன்பதாம் நாள் அந்தப் படத்தைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். கூடவே வாட்ச்மேனையும் அழைத்து உட்கார வையுங்கள்.